எரியாத சிவப்பு லைட்

ஏப்ரல் 9, புதன்

இன்று நாலு வண்டி. பால் வேனுக்கு கிளட்ச் பிளேட் மாற்றி முடிக்கவே பதினொன்றாகிவிட்டது. சீசன் தொடங்கியாயிற்று. மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தால் மலைக்குப் போகிற வண்டிகள் எறும்பு வரிசை மாதிரி போகின்றன.

மதியம் குழந்தைவேலு வந்தான். என் மனைவி துளசிமணியின் தம்பி. பதினெட்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறான், வண்டியை என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டான். மலை ஏறும்போது மட்டும் சிவப்பு லைட் எரிந்து பஸ்ஸர் கத்துகிறதாம். பின்சீட்டில் இருக்கிறவர்கள் பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொல்கிறார்களாம். "கீழ எறங்கினா அதுவா நின்னுக்குது மச்சா. சூடெல்லாம் ஒண்ணுமில்ல. பேய் புடிச்ச மாதிரி கத்துது" என்றான்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் அரை லிட்டர் போலக் குறைந்திருந்தது. ஊற்றினேன். பத்து நிமிடம் ஓட விட்டேன், சூடு ஏறவில்லை. சூட்டை அளக்கிற சென்சார்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். கோயமுத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் சத்தத்துக்கு ஒரு வழி செய்து அனுப்பினேன். வாசலில் இன்னும் மூன்று வண்டி நின்றது.

போகும்போது தாரணியைப் பற்றிச் சொன்னான். அவன் மகள். பி.எட். முடித்துவிட்டாள். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த புதன்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அம்மா இறந்து ஒன்பது வருஷமாகிறது. ஒற்றை ஆளாக வளர்த்தான். சொல்லும்போதே அவன் முகத்தைப் பார்க்கணும்.

ஏப்ரல் 12, சனி

சென்சார் வரவில்லை. தார்ரோடு உருகுகிற வெயில். துளசிமணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 16, புதன்

பத்தரை மணிக்கு போன் வந்தது. குழந்தைவேலு பேசினான் என்று சொல்ல முடியாது. கத்தினான். "மச்சா, புள்ள மூஞ்சி மச்சா" என்று மட்டும் புரிந்தது.

கோத்தகிரி ரோட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் தாரணியை எஸ்டேட் ஜீப் ஒன்றில் ஏற்றிக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். வண்டி ஒரு வளைவில் நின்றிருந்தது. பானட் திறந்தபடி. பின்சக்கரத்துக்குக் கல் அணைத்திருந்தது. ரோட்டில் துருநிறத் தண்ணீர் வழிந்து பாதி காய்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடி பள்ளத்துப் பக்கம் கிடந்தது. அவளுடைய துப்பட்டா நாலாக மடித்தபடி இன்ஜின் மேல் இருந்தது. கையில் சூடு படாமலிருக்க மடித்திருக்கிறாள்.

அந்த வளைவில் டீக்கடை வைத்திருக்கிறவர் நடந்ததைச் சொன்னார். இழுவை குறைந்து, பானட்டுக்குள்ளிருந்து புகை வந்ததும் குழந்தைவேலு ஓரம் கட்டியிருக்கிறான். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, வண்டி பின்னால் நகர்ந்திருக்கிறது. அவன் கல்லை எடுத்து வைக்க ஓடியபடியே, "கண்ணு, அந்த மூடியத் தொறந்து பாட்டில் தண்ணிய ஊத்து" என்று சொல்லியிருக்கிறான்.

கயிறு கட்டி வண்டியைக் கடைக்கு இழுத்து வந்தோம். நான்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. முகம், கழுத்து, நெஞ்சு. வலது கண் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண்ணில் கருவிழி வெந்திருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். துளசிமணி கூடவே இருக்கிறாள். கட்டுக்குள் தாரணி முனகுவது வெளிவராண்டா வரைக்கும் கேட்டது.

குழந்தைவேலு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "லைட்டு எரியவே இல்லியே மச்சா. பஸ்ஸரும் கத்தலியே. நீ சரி பண்ணிக் குடுத்தது நல்லாத்தானே இருந்துச்சு?"

இப்போது அதெல்லாம் எதற்கு என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

எஸ்.ஐ. பாக்கியலட்சுமி கடைக்கு வந்தார். வயசுப் பெண்ணுக்கு முகம் வெந்த கேஸ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போய்விடுமாம். யாராவது ஆசிட் ஊற்றிவிட்டு அப்பனை மிரட்டிப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். "வெறும் தண்ணி இந்த அளவுக்குப் பண்ணுமா? நீங்க மெக்கானிக், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

வண்டியின் பானட்டைத் திறந்து வைத்து, கை நீட்டிக் காட்டிச் சொன்னேன். "இன்ஜின் உள்ள டீசல் எரிஞ்சுக்கிட்டே இருக்குங்க. அந்தச் சூட்டுல மூணுல ஒரு பங்குதான் வண்டிய இழுக்குது. ஒரு பங்கு சைலன்சர் வழியாப் போயிருது. மிச்சத்த வெளிய தள்ளலைன்னா இரும்பே வளைஞ்சிரும். அதுக்குத்தான் தண்ணி. இன்ஜின் சுவத்துக்குள்ளயே வாய்க்கா மாதிரி வழி விட்டிருக்காங்க. இதா, இது வாட்டர் பம்ப். பெல்ட்டு சுத்த சுத்த இது தண்ணிய அந்த வாய்க்கால்ல தள்ளிவிடும். தண்ணி சூட்ட வாங்கிக்கிட்டு இந்த மேல் ஹோஸ் வழியா முன்னாடி ரேடியேட்டருக்கு வரும்."

"எப்பவும் வந்துட்டே இருக்குமா?"

"இல்லைங்க. நடுவுல தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு கதவு இருக்கு. உள்ள மெழுகு வெச்சிருப்பாங்க. காலைல வண்டி எடுக்கும்போது கதவு மூடியிருக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடாகணுமில்லைங்க. எம்பத்தஞ்சு டிகிரி பக்கம் வந்ததும் மெழுகு உருகி விரியும், கதவு தொறக்கும். ரேடியேட்டர்ல பாருங்க, சன்னச் சன்னமா குழாய், குழாய்க்கு நடுவுல தகடு. தண்ணி அதுல எறங்கும்போது எதுக்க வர்ற காத்தும் இந்த ஃபேனும் சூட்டத் தூக்கிட்டுப் போயிரும். ஆறின தண்ணி கீழ் ஹோஸ் வழியா மறுபடி பம்புக்கு. இப்படியே சுத்திட்டே இருக்கணும். நின்னாலும் போச்சு, தண்ணி குறைஞ்சாலும் போச்சு."

"சரி, நூறு டிகிரில தண்ணி கொதிக்கும். நாங்க வீட்ல தினம் கொதிக்க வைக்கறோம். கையில பட்டா கொப்புளிக்கும். இப்படியா ஆகும்?"

ரோட்டிலிருந்து எடுத்து வந்திருந்த ரேடியேட்டர் மூடியைக் கொடுத்தேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவர் கட்டைவிரலால் அழுத்தினார், அசையவில்லை.

"அந்த ஸ்பிரிங்குதாங்க விஷயம். மூடி உள்ள அழுத்தத்தப் புடிச்சு வெச்சிருக்கும். அழுத்தம் இருந்தா நூறுல கொதிக்க வேண்டிய தண்ணி நூத்தியிருவது வரைக்கும் கொதிக்காம அடங்கிக் கெடக்கும்."

"குக்கர் மாதிரி."

"குக்கர் விசில் அடங்கினப்பறம்தானுங்க தொறப்பீங்க. இதத் தொறந்த நொடியில அழுத்தம் போயிரும். அத்தன நேரம் அடங்கிக் கெடந்த தண்ணி மொத்தமும் ஒண்ணா ஆவியாகி மேல அடிக்கும். ஆளு மூஞ்சி நேர் மேலதானுங்க இருக்கும். வண்டிய நிறுத்தி அரை மணி நேரமாவது தொடக்கூடாது."

அவர் மூடியை மேஜை மேல் வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஓட்டறவருக்கு முன்கூட்டியே தெரியணுமே?"

"இந்த வண்டில சூடு காட்டற முள்ளு கெடையாதுங்க. சூடு ஏறினா லைட்டு எரியும், பஸ்ஸர் கத்தும்."

"பஸ்ஸர் கத்துதுன்னு ஒரு வாரம் முன்ன உங்ககிட்டதான் கொண்டு வந்தாராமே?"

"ஆமாங்க. தண்ணி குறைஞ்சிருந்துச்சு. ஊத்தி அனுப்பினேன்."

"லைட்டும் பஸ்ஸரும் இப்ப வேலை செய்யுதா?"

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்லட்டுங்க என்றேன். செவ்வாய்க்கிழமை வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடை விடுமுறை. இருந்தாலும் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியில் சின்ன வேலை ஒன்று பார்த்தேன். பதினைந்து நிமிடம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். பம்பின் கீழே விரலை விட்டுப் பார்த்து, சீல் போயிருக்கிறது, தண்ணீர் இங்கேதான் ஒழுகியிருக்கிறது என்றார். எனக்கும் அது இழுத்து வந்த அன்றே தெரிந்துவிட்டது. சமதரையில் சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகும். மலையில் முதல் கியரில் பம்ப் வேகமாகச் சுற்றும்போது கொட்டியிருக்கும். அதனால்தான் மலையில் மட்டும் பஸ்ஸர் கத்தியிருக்கிறது. சென்சார் நல்ல சென்சார்.

பிறகு சென்சார் ஒயரின் முனையை இன்ஜின் இரும்பில் தொடவைத்துச் சோதித்தார். லைட் எரிந்தது. பஸ்ஸர் கத்தியது. எச்சரிக்கைக் கருவிகள் இயங்கும் நிலையில் உள்ளன என்று எழுதிக்கொண்டார். பாக்கியலட்சுமி என்னைப் பார்க்காமல், "அப்ப ஓட்டுனவரோட அஜாக்கிரதைதான்" என்றார்.

இரண்டு சர்வீஸ் வண்டி இருந்தது. ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

துளசிமணி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். எட்டு நாளில் பாதியாகிவிட்டாள். சோறு போட்டுக் கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "தாரணிகூடத் தேவலைங்க. வலிக்குது, அழுகறா. என்ற தம்பிதான் பாக்க முடியல. லைட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு போலீஸ்காரம்மா சொல்லிட்டுப் போனதுல இருந்து செவுத்துல தலைய முட்டறான்."

வண்டியின் லைட் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன்.

"அத அவன்கிட்ட வந்து சொல்லுங்களேன்" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைவேலு என் கையைப் பிடித்து வராண்டா கோடிக்குக் கூட்டிப் போனான். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"மச்சா, எனக்கு ஞாபகம் வந்துருச்சு."

என்ன என்று கேட்டேன்.

"லைட்டு எரிஞ்சுது. அந்த டீ எஸ்டேட் தாண்டினதுமே எரிஞ்சுது. செவப்பா. நான் பாத்தேன். பஸ்ஸரும் கத்துச்சு. பழைய சனியந்தான், நீ சரி பண்ணியும் கத்துதுன்னு நெனைச்சு உட்டுட்டேன். புள்ளகிட்டப் பேசிட்டே ஓட்டிட்டேன். நாந்தான் மச்சா புள்ள கண்ண அவிச்சுட்டேன்."

அவன் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை.

மே 2, வெள்ளி

ஏப்ரல் ஒன்பதாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். "சத்தத்துக்கு ஒரு வழி செய்து அனுப்பினேன்" என்று இருக்கிறது. என்ன வழி என்று எழுதவில்லை.

சென்சாரிலிருந்து வருகிற பச்சை ஒயரை வெட்டினேன். இரண்டு முனைக்கும் டேப் சுற்றினேன். அவ்வளவுதான். லைட் எரியாது, பஸ்ஸர் கத்தாது. குழந்தைவேலுவிடம் வெட்டியதைச் சொல்லவில்லை. "சரி பண்ணிட்டேன், இனிக் கத்தாது" என்றேன். வெட்டியிருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் பயந்துபோய், புது சென்சார் வரும்வரை வண்டியைக் கடையிலேயே விட்டிருப்பான். சவாரி கெட்டுப்போகும் என்றுதான் சொல்லவில்லை. இல்லை. பம்பைக் கழற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும், வாசலில் வண்டிகள் நின்றன, அதனால்தான்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ஒயரை மறுபடி முறுக்கி இணைத்தேன்.

ஆனால் ஒன்று உண்மை. தண்ணீர் மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் சென்சார் முனை தண்ணீரில் இருக்காது, காற்றில் இருக்கும். அப்போது அது சரியாக அளக்காது. ஒயர் இருந்திருந்தாலும் லைட் எரியாமலே போயிருக்கலாம். எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். இதை யாராலும் மறுக்க முடியாது.

மே 4, ஞாயிறு

சோதித்துப் பார்த்தேன்.

போலீஸ் வேலை முடிந்து வண்டி என் பொறுப்பில்தான் நிற்கிறது. இன்ஜின் ஹெட் சூட்டில் வளையாமல் எப்படியோ தப்பியிருந்தது. அதே ஓட்டைப் பம்போடு தண்ணீர் நிரப்பி, காற்று போகாமல் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து, மலை ஏறுகிற அளவுக்கு ஆக்சிலேட்டரைத் தூக்கி வைத்து ஓட விட்டேன். கடிகாரத்தை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

பதினாலாவது நிமிடம் லைட் எரிந்தது. பஸ்ஸர் கத்தியது. அணையவே இல்லை. புகை வந்தது இருபத்து மூன்றாவது நிமிடம்.

ஒன்பது நிமிடம் இருந்திருக்கிறது. ஒன்பது நிமிடத்தில் அந்த ரோட்டில் நிழல் பார்த்து நிறுத்தலாம், இறங்கி டீ சொல்லலாம்.

இன்ஜினை அணைத்துவிட்டு, மூடி தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐம்பது நிமிடம் ஆனது.

மே 9, வெள்ளி

குழந்தைவேலு மேல் வழக்குப் பதிவு செய்துவிட்டார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்ததைப் பார்த்தும் கவனக்குறைவாக ஓட்டினேன் என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துளசிமணி போனில் சொன்னாள். நான் ஒரு ஆட்டோவுக்கு பிரேக் ஷூ மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்தேன்.

மே 13, செவ்வாய்

நேற்று தாரணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். போகாமலிருக்க இதற்குமேல் காரணம் கிடைக்கவில்லை.

கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கன்னத்தில் தோல் சிவந்து, இழுத்துத் தைத்த மாதிரி. நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, "மாமாவா? கிரீஸ் வாசம் வருது" என்றாள். குழந்தைவேலு மருந்துக்கடைக்குப் போயிருந்தான். துளசிமணி சமையலறையில் இருந்தாள்.

"மாமா, அப்பா பொய் சொல்றாரு."

எதைப் பற்றி என்றேன்.

"லைட்டு எரிஞ்சுதுங்கறாரு. எரியல. நான் முன்சீட்டுலதான் இருந்தேன். நேர்காணல்ல என்ன கேப்பாங்கன்னு எழுதின நோட்ட டேஷ்போர்டு மேல வெச்சுப் படிச்சுட்டே வந்தேன். கண்ணு பூரா அங்கயேதான் இருந்துச்சு. நான் கடைசியாப் பாத்ததே அந்த டேஷ்போர்டு, அப்பறம் அந்த மூடி, அவ்வளவுதான். எனக்கு மறக்குமா? லைட்டும் எரியல, சத்தமும் வரல."

"போலீஸ்கிட்டச் சொன்னியா?"

"யாராவது மேல ஊத்தினாங்களான்னுதான் கேட்டாங்க. லைட்டப் பத்தி யாரும் என்னயக் கேக்கல. அப்பாகிட்டச் சொன்னா, உனக்கு ஞாபகம் இருக்காது கண்ணு, மருந்து மயக்கம்ங்கறாரு." பிறகு என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நீங்கதானே வண்டி பாத்தீங்க. ஏன் மாமா எரியல?"

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.

மே 14, புதன்

கடை திறக்கவில்லை.

மே 15, வியாழன்

தம்பி வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு எடுத்துப்போகத் துளசிமணி காலையில் வந்தாள். பையை அவள் கட்டும்போது சொன்னேன். வெட்டியது, சொல்லாமல் விட்டது, ஞாயிற்றுக்கிழமை ஒட்டியது, மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கேட்டது ஒன்றுதான். "வெட்டினது தப்புன்னு வெச்சுக்கலாம். ஒட்டுனீங்களே, அப்ப என்ற தம்பி மொகம் உங்களுக்கு ஞாபகம் வரலியா?"

வந்தது. வந்தும்தான் ஒட்டினேன். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்களே வந்து அவன்கிட்டச் சொல்லீரணும். இல்லைன்னா நான் சொல்லீருவேன். நான் சொன்னா அப்பறம் நீங்க அந்த வாசப்படி மிதிக்க முடியாது."

மே 16, வெள்ளி

சொன்னேன்.

அவன் நம்பவில்லை. இது நான் நினைத்துப் பார்க்காதது. அடிப்பான், கத்துவான், கழுத்தைப் பிடிப்பான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவனோ என்னைச் சமாதானப்படுத்தினான். "எனக்காக நீ பழியத் தலைல போட்டுக்கற மச்சா. அக்கா சொல்லிக் குடுத்தாளா? நான் லைட்டப் பாத்தேன்னு சொல்றேன்ல."

கடைக்குக் கூட்டி வந்தேன். துளசிமணியும் வந்தாள். பானட்டைத் திறந்து டேப்பைப் பிரித்தேன். வெட்டிய முனைகளும், முறுக்கிச் சேர்த்த இடத்தில் புதுச் செம்பும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவனுக்கு ஒயரைப் பார்த்தால் தெரியும். விரலால் தடவிப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தான்.

அங்கிருந்தே ஒயரைப் பார்த்தபடி கேட்டான். "எரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பனா?"

"நிறுத்தியிருப்பே. ஒம்போது நிமிஷம் இருந்துச்சு. ஓட விட்டுப் பாத்தேன்."

"ஓட விட்டு வேற பாத்தியா."

"பாத்தேன்."

"மூடியத் தொறக்கச் சொன்னது?"

அதுவும் என்னால்தான் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. அவனிடம் போன மாதமே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"அது நீ சொன்னதுதான்" என்றேன்.

தலையை ஆட்டினான். எழுந்தான். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு போய், சரியாக மாட்டிக்கொண்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மே 19, திங்கள்

காவல் நிலையம். பாக்கியலட்சுமி முழுவதும் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கு ஸ்டூல் போட்டு உக்காத்தி வெச்சு எனக்குப் பாடம் நடத்தினீங்க. ஒவ்வொண்ணும் எவ்வளவு அழகாச் சொன்னீங்க. நான் வீட்ல போய் என் பையனுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

பிறகு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வண்டியைப் பழுதாக விட்டதற்கு ஒன்று, சாட்சியத்தைக் கலைத்ததற்கு ஒன்று என்று இரண்டு பிரிவு சொன்னார். குழந்தைவேலு மேல் போட்டதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார். நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தாரணியின் வாக்குமூலத்தையும் வாங்கச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும்" என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

வருகிற வண்டிகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. பால் வேன்காரர் மட்டும் வந்தார். வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே நின்று, நான் தொடுகிற ஒவ்வொன்றையும் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்பதில் தப்பில்லை.

துளசிமணி தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். நானே சமைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தாரணிக்கு இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. துளசிமணி தகவலாக மட்டும் சொன்னாள். வெளிச்சம் தெரிகிறதாம். முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கை என்று தெரிகிறதாம். எத்தனை விரல் என்று தெரியவில்லை. இதற்குமேல் எவ்வளவு வரும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். ஆமாங்க என்றேன். தீர்ப்பை வேறு தேதிக்குத் தள்ளினார்கள். மொத்தம் நாலு நிமிடம்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். தாரணி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். துளசிமணியின் தோளில் கை வைத்திருந்தாள். நான் தள்ளியே நின்றேன். மே மாதத்துக்குப் பிறகு குழந்தைவேலு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. லைசென்ஸ் திரும்ப வந்தும் அவன் வண்டி ஓட்டவில்லை, ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவன் என் பக்கம் நடந்து வந்தான். கையெட்டும் தூரத்தில் நின்றான். கோபமாகப் பேசவில்லை, ஏதோ ரிப்பேருக்கு யோசனை கேட்கிற மாதிரிதான் பேசினான்.

"நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும் மச்சா. ஒயரக் கையில தொட்டுப் பாத்தேன். புள்ளயும் சொல்றா. எல்லாம் தெரியும். ஆனா கண்ண மூடினா அந்த லைட்டு எரியுது. செவப்பா எரியுது. பஸ்ஸர் காதுல கத்துது. நான் பேசிட்டே ஓட்டறேன். இத எப்படி நிறுத்தறது?"

எனக்குத் தெரியவில்லை.

அவன் மரத்தடிக்குத் திரும்பிப் போனான். தாரணி கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள்.